படிக்கட்டு வீட்டு அப்பா

நாற்பதைத் தாண்டியவர்கள் யார் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாலும் முதல் நாளே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். அதுவும் கிளட்சை மிதிக்க வேண்டிய நேரமாகப் பார்த்து, பக்கத்து இருக்கையில் இருந்து சொல்லிக்கொடுக்கும் அவள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்பார்கள்.

"நீங்க... அந்தக் கீச்சுதானே?"

"ஆமாங்க. ரோட்டைப் பாருங்க."

கீச்சு என்பது ‘படிக்கட்டு வீடு’ என்ற தொலைக்காட்சித் தொடரில் வந்த சிறுமியின் செல்லப்பெயர். அப்பா, அம்மா, கீச்சு என்று மூன்றே பேர் கொண்ட குடும்பம். கூடத்தின் நடுவே மாடிக்குப் போகும் படிக்கட்டு. வாராவாரம் ஒரு சின்னச் சண்டை, ஒரு சின்னச் சமாதானம். பெரிதாக எதுவும் நடக்காது. ஆனாலும் அது ஓடும் நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. பால் பல் விழுகிற வயதில் அவள் அதற்குள் போனாள். பல் விழுந்ததையே ஒரு வாரக் கதையாக எழுதிக்கொண்டார்கள். உயரம் போட்டு, குழந்தை முகம் மாறியபோது தொடரும் முடிந்துவிட்டது. இப்போது அவள் குரல் தடித்து, பயிற்சிப் பள்ளி முதலாளியே "மேடம் ஒரு சத்தம் போட்டா சிக்னல் மாறிடும்" என்று கிண்டல் செய்கிற அளவுக்கு வந்துவிட்டது. பெயர் மட்டும் கீச்சாகவே ஒட்டிக்கொண்டிருந்தது.

அவளைப் பெற்ற அப்பாவை அவளுக்கு நினைவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். ஒரே ஒரு புகைப்படம் இருந்தது, அதிலும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவள் அம்மா ஸ்டூடியோவில் நடிகர்களின் உடைகளுக்கு இஸ்திரி போடுகிறவர். மகளை விட்டுவிட்டுப் போக இடமில்லாமல் கூடவே கூட்டிக்கொண்டு போனவர். அப்படித்தான் அந்த வேடம் கிடைத்தது. எனவே அவள் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு ஆளைப் பார்த்து "அப்பா" என்று கூப்பிட்டது விளக்குகளுக்கு நடுவே, டைரக்டர் சொன்ன பிறகுதான்.

அப்பாவாக நடித்தவர் காமிரா ஓடாத நேரத்திலும் அவளுக்கு அப்பாவாகத்தான் இருந்தார். செருப்பு வார் போட்டுவிட்டது அவர்தான். வலது எது, இடது எது என்று சொல்லிக்கொடுத்தது அவர்தான். அடுத்த காட்சிக்கு விளக்கு மாற்றும்வரை அவர் மடியிலேயே தூங்கியிருக்கிறாள். தொடர் முடிந்த பிறகு அவர் வருவார், வருவார் என்று ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து அம்மா ஒருநாள் சொன்னார்: "கண்ணு, அது வேலைம்மா. வேலை முடிஞ்சுபோச்சு."

அதற்குப் பிறகு அவரைப் பார்த்தது ஒரே தடவை. தொடரில் அம்மாவாக நடித்தவர் இறந்துபோனபோது. கூட்டத்தில் முண்டியடித்துக்கொண்டு அவர் அருகே போய் நின்றாள். வாய் வரை வந்துவிட்ட சொல்லை விழுங்கிவிட்டு, "சார்" என்றாள். அவர் அவள் தோளைத் தொட்டு, "நல்லா இருக்கியாம்மா?" என்றார். அதற்குள் பின்னால் இருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். இப்போது அவளைப் பெற்ற அம்மாவும் இல்லை. வண்டி உண்டு, வீடு உண்டு, கற்றுக்கொள்ள வருகிறவர்கள் உண்டு. பேசுவதற்கு நாள் முழுக்க ஆள் இருந்தது. வீட்டுக்குப் போனதும் டிவியைப் போட்டுவிட்டுத்தான் முகம் கழுவுவாள், ஒரு குரல் கேட்கட்டுமே என்று.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பெண் டைரக்டர் அவளைத் தேடிக்கொண்டு பயிற்சிப் பள்ளிக்கே வந்தார். படிக்கட்டு வீட்டை மறுபடி எடுக்கப்போகிறார்களாம்.

"புதுக் குடும்பம், புது முகங்கள், ஆனா அதே வீடு மேடம்," என்றார் டைரக்டர். பேசும்போதே கண் பளபளத்தது. "சின்ன வயசுல அந்த வீட்டுக்குள்ள போயிடணும்னு டிவி பின்னாடி போய்ப் பார்த்தவ நான். முதல் வாரம் மட்டும் பழைய அப்பாவும் நீங்களும் வரணும். வீட்டைப் பூட்டிட்டுப் போற மாதிரி ஒரே ஒரு சீன்."

"நான் வர்றேன். சார் ஒத்துக்கிட்டாரா?"

டைரக்டர் உதட்டைப் பிதுக்கினார். "போன் போட்டா அவர் பொண்ணுதான் எடுக்கறாங்க. ‘அப்பாவுக்கு இஷ்டமில்ல’ன்னு வெச்சிடறாங்க. நேர்ல போனேன், கதவைத் திறந்ததோட சரி. நீங்க போனா ஒருவேளை..."

கீச்சு யோசிக்கவே இல்லை. போகிறேன் என்றாள். நடிப்பு ஆசை எல்லாம் அவளுக்கு என்றோ வடிந்துவிட்டது. ஆனால் ஒருநாள், ஒரே ஒருநாள், யாரும் தப்பாக நினைக்காதபடி, கூச்சப்படாமல் அவரை அப்பா என்று கூப்பிடலாம். அதற்காக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போயிருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினாள். கீழே பல் மருத்துவமனை, மேலே வீடு. மகள்தான் பல் டாக்டர். விடுமுறை நாளானாலும் வெள்ளைக் கோட்டோடு கீழேதான் இருந்தார், கருவிகளைத் துடைத்துக்கொண்டு. கீச்சைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர். கதவைத் திறந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை.

"யாரைப் பார்க்கணும்? எங்க அப்பாவையா, உங்க அப்பாவையா?"

கீச்சுக்கு முகம் சுண்டிப்போனது. "சாரைப் பார்க்கணும், டாக்டர்."

"கடைக்குப் போயிருக்கார். உட்காருங்க." சுற்றிலும் பார்த்தார். நாற்காலிகள் எல்லாவற்றிலும் துடைத்த தட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. "அதுல உட்காருங்க, பரவாயில்ல," என்று நோயாளிகள் சாயும் நீண்ட நாற்காலியைக் காட்டினார்.

அதில் நேராக உட்கார முடியாது. பாதி படுத்த நிலையில், மூஞ்சிக்கு நேராக ஒரு விளக்குத் தொங்க, கீச்சு வந்த விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் துடைப்பதை நிறுத்தாமலே கேட்டார்.

"இந்த நாற்காலியில உட்கார்ந்தவங்க யாரும் இவ்வளவு பேசினதில்ல," என்றார் கடைசியில். "வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு நான் சொல்றதைத்தான் கேப்பாங்க. அதனால நானும் ஒண்ணு சொல்றேன். ஸ்கூல்ல எல்லாரும் என்கிட்ட கேப்பாங்க, ‘கீச்சு உங்க வீட்லதான் தூங்குவாளா?’ன்னு. நான் ஆமான்னு சொல்லுவேன். இல்லன்னு சொன்னா, அப்ப உங்க அப்பா எங்க தூங்குவார்னு கேப்பாங்களே."

கீச்சு எழுந்து உட்காரப் பார்த்தாள். நாற்காலி விடவில்லை.

"ஒருநாள் டிவியில அப்பா உங்களுக்கு ஜுரம்னு ராத்திரி முழுக்க முழிச்சிட்டு இருப்பார். நெத்தியில துணி நனைச்சுப் போடுவார். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும் அந்த வாரம் ஜுரம். அம்மா மடியில படுத்துக்கிட்டு அதைத்தான் பார்த்தேன். என் நெத்திக்கே துணி போடற மாதிரி இருந்துச்சு." டாக்டர் சிரித்தார். சிரிப்பில் கசப்பு இருந்ததா என்று கீச்சுக்குப் பிடிபடவில்லை. "உங்க மேல அவ்வளவு பொறாமை எனக்கு."

"உங்க மேல எனக்கு," என்றாள் கீச்சு. அவளையும் அறியாமல் வந்துவிட்டது. "ஷூட்டிங் முடிஞ்சு பேக்கப்னு சத்தம் வந்ததும் அவர் கழுத்துல இருந்து என் கையை எடுத்துவிடுவார். மேக்கப்பைக்கூட சரியாத் துடைக்க மாட்டார். ‘என் பொண்ணு தூங்கறதுக்குள்ள போகணும்’னு ஓடுவார். நான் கேட்டுக்கிட்டே நிப்பேன், பஸ் போற சத்தம் அடங்கறவரைக்கும். அந்தப் பொண்ணு யாரு, அவ எப்படி இருப்பான்னு நினைச்சுக்கிட்டே தூங்குவேன்."

டாக்டரின் கை நின்றது.

"தூங்கறதுக்குள்ள வந்ததே இல்லையே," என்றார் மெதுவாக. பிறகு, கருவியைத் தட்டில் வைத்துவிட்டு, "ஓடுவாரா? நிஜமாவா?" என்றார்.

"நிஜமா. ஒருதடவை செருப்பை விட்டுட்டே ஓடிட்டார்."

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு வந்து நாற்காலியின் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினார். நாற்காலி கீச்சைத் தூக்கி நிமிர்த்தி உட்கார வைத்தது.

அப்போதுதான் கடைக்குப் போனவர் உள்ளே வந்தார், கையில் பையோடு. கீச்சின் நினைவில் நெடுநெடுவென்று இருந்தவர் இப்போது அவள் காது உயரம்தான் இருந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கீச்சு," என்றார்.

"சார்," என்றாள் அவள் எழுந்து நின்று.

மேலே போய்த் தேநீர் குடித்தார்கள். அவர் பேசுகிற ஆளாகவே இல்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். படப்பிடிப்பு என்ற பேச்சை எடுத்ததும் தலையை ஆட்டினார்.

"வேணாம்மா. அவன் எனக்கு இப்ப வரமாட்டான்."

"யாரு சார்?"

"அந்த அப்பன். நல்ல மனுஷன் அவன். கோபப்பட்டா கொஞ்ச நேரத்துல வந்து பக்கத்துல உட்கார்ந்து ஏதாவது சொல்லுவான். பொண்டாட்டி சிரிப்பா, பொண்ணு சிரிப்பா. எல்லாம் எழுதிக் குடுத்திருப்பாங்க, நான் சொல்லுவேன்." டம்ளரைச் சுற்றினார். "வீட்டுக்கு வந்தா யாரும் எழுதிக் குடுக்கல. பக்கத்துல உட்காரத் தெரிஞ்சுது. என்ன சொல்றதுன்னு தெரியல. இத்தனை வயசுக்கப்புறம் இவ பார்க்க மறுபடியும் அவனா நிக்கறது நல்லா இருக்காது."

‘இவ’ என்று சொன்னபோது மகள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. டாக்டர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தார்.

"போங்கப்பா," என்றார். "நானும் வர்றேன். எனக்கு அந்த வீட்டைப் பார்க்கணும். எத்தனை தடவை கேட்டிருக்கேன், கூட்டிட்டுப் போங்கன்னு. வேலை பார்க்கற இடம்னு விட்டுட்டுப் போயிடுவீங்க."

அவர் மகளைப் பார்த்தார். மறுப்பதற்கு ஒரு சொல் தேடியதுபோல இருந்தது. பிறகு டம்ளரைக் கீழே வைத்து, சரி என்றார்.

படப்பிடிப்பன்று காலை கீச்சுதான் போய் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஸ்டூடியோ புதிது, பெரிய கிடங்கு மாதிரி. உள்ளே இருட்டில் கேபிள்களைத் தாண்டித் தாண்டிப் போனால், திடீரென்று வெளிச்சத்தில் அந்த வீடு நின்றது.

பழைய பதிவுகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். அதே பச்சைச் சுவர், ஒரு கால் ஆடுகிற அதே சாப்பாட்டு மேஜை. ஆட வேண்டும் என்றே ஒரு காலை இழைத்துவிட்டிருந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, வாசனை மட்டும் வேறு. கீச்சுக்குத் தெரிந்த வீட்டில் சூடான விளக்கு வாசனையும் அம்மாவின் இஸ்திரிப்பெட்டி வாசனையும் இருக்கும். இங்கே புதுப் பெயின்ட் மூக்கைத் துளைத்தது. அவள் கூடத்தின் நடுவில் நின்று, இங்கே வந்துவிட்டோம் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். வந்ததாகவே தோன்றவில்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கிற ஒன்றுக்காக இவ்வளவு ஏங்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

டாக்டர் சமையலறைக் கதவைத் திறந்தார். அந்தப் பக்கம் சமையலறை இல்லை, இருட்டும் ஒரு மின்விசிறியும் இருந்தன. மூடிவிட்டு, படிக்கட்டைப் பார்த்தார்.

"மேல என்ன இருக்கு?"

"போய்ப் பாருங்க," என்றாள் கீச்சு.

டாக்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். படிகள் பாதி உயரத்திலேயே முடிந்துவிட்டன. மேலே ஒரு பலகை, அதன்மேல் ஒரு விளக்கு, அதைப் பார்த்துக்கொள்கிற ஒருவர், அவர் சாப்பாட்டுப் பை.

"அம்மா, இங்க யாரும் வரக்கூடாது. நீங்க யாரு?" என்றார் விளக்குக்காரர்.

"எங்க அக்கா, அண்ணே. இருக்கட்டும், விடுங்க," என்று கீழே இருந்து கீச்சு குரல் கொடுத்தாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. டாக்டர் குனிந்து அவளைப் பார்த்தார். பிறகு பலகையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நாங்க அங்க ஒரு ரூம் இருக்குன்னு நினைச்சோம். அம்மாவும் நானும்," என்றார் மேலே இருந்து, யாரிடம் என்றில்லாமல். "அப்பா வராத ராத்திரியில அங்கதான் தூங்கறார்னு அம்மா சொல்லுவாங்க."

காட்சி சுருக்கமானது. மேஜை நாற்காலி தவிர சாமான்கள் எல்லாம் எடுத்த வெறும் வீடு. மகள் கதவருகே நின்று "பூட்டிடலாமாப்பா?" என்பாள். அப்பா "இரும்மா, ஒருதடவை பார்த்துக்கறேன்" என்று சுற்றிப் பார்ப்பார். பிறகு அவள் தலையில் கை வைத்து, "இந்த வீட்ல நான் நல்லா இருந்தேன்" என்பார். அவ்வளவுதான்.

முதல் தடவை அவர் சுற்றிப் பார்க்கும்போது கண் படிக்கட்டின் மேலே போய் நின்றுவிட்டது. வசனம் வரவில்லை. "பரவாயில்ல சார், இன்னொண்ணு போகலாம்," என்றார் டைரக்டர். இரண்டாம் தடவையும் அதே இடத்தில் நின்றது. மூன்றாம் தடவை டாக்டர் மேலே இருந்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா அதைப் பார்த்தார்.

"பூட்டிடலாமாப்பா?" என்றாள் கீச்சு. முதல் இரண்டு தடவை வாய்க்குள்ளேயே சொன்ன அந்தச் சொல்லை, எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு முழுசாகச் சொன்னதில் அவள் குரல் உடைந்து, பழைய கீச்சுக்குரலாகவே வெளியே வந்தது.

"இரும்மா. ஒருதடவை பார்த்துக்கறேன்."

பார்த்தார். தலையில் கை வைத்தார். அந்தக் கையின் கனம் அவளுக்குத் தெரியும். கொஞ்சமும் மாறவில்லை. "இந்த வீட்ல நான் நல்லா இருந்தேன்," என்றார். பிறகு, எழுதிக் கொடுக்காத ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்: "வீட்டுக்கு ஒண்ணும் எடுத்துட்டுப் போகத் தெரியல."

யாரும் ‘கட்’ சொல்லவில்லை. டைரக்டர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கீச்சு அசையாமல் நின்றாள். அசைந்தால் கை போய்விடும். கடைசியில் டைரக்டர் "ஓகே சார்" என்றார். கை போனது. அவர் உடனே திரும்பி, படிக்கட்டைப் பார்த்து, "பார்த்து இறங்கும்மா, கைப்பிடி ஆடுது," என்றார். பேக்கப் நேரத்தில் வரும் அந்தப் பழைய குத்தல் கீச்சின் நெஞ்சில் அப்படியே வந்து போனது. இத்தனை வயதாகியும் அது குறையவில்லையே என்று அவளுக்குத் தன்மீதே சிரிப்பும் வந்தது.

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அந்த நேரத்தில் மூன்று பேரும் அந்த மேஜையில் உட்கார்ந்தார்கள், டாக்டர் கேட்டுக்கொண்டதால். அப்பா அவர் பழைய நாற்காலியில். டாக்டர், கீச்சு எப்போதும் உட்காரும் இடத்தில். கீச்சு, அம்மாவின் இடத்தில். மேஜை ஒரு பக்கமாக ஆடியது.

அப்பா தொண்டையைச் செருமினார். "இன்னிக்கு... கிளினிக் லீவா?"

லீவு என்று அவருக்கும் தெரியும். மகளோடுதான் வந்திருக்கிறார். கீச்சு டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். சிரித்துவிடுவார் என்று நினைத்தாள், அல்லது சுள்ளென்று ஏதாவது சொல்வார் என்று. டாக்டர் சொன்னார்: "லீவுதாம்பா. ஆனா காலையில ஒருத்தர் போன் பண்ணினார். பல் செட்டை நாய் தூக்கிட்டுப் போயிடுச்சாம்."

"அய்யய்யோ. கிடைச்சுதா?"

"கிடைச்சுது. நாய் குடுக்க மாட்டேங்குதாம்."

அவர் சிரித்தார். தொடரில் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. மூக்கு வழியாக, சத்தமே இல்லாமல், தோள் குலுங்குகிற சிரிப்பு. கீச்சு அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. "அப்புறம்?" என்று கேட்டார். டாக்டர் நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கீச்சு மெல்ல எழுந்தாள். உடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள். இருவரும் கவனிக்கவில்லை.

புது ‘படிக்கட்டு வீடு’ ஒளிபரப்பானது. முதல் வாரம் பார்க்காதவர்கள் இல்லை. சாலையில் அவள் வண்டியை நிறுத்தி அழுதவர்கள்கூட உண்டு. அடுத்தடுத்த வாரங்களில் பழையது மாதிரி வரவில்லை என்று பேச்சு வந்தது. புது அப்பா நன்றாகத்தான் நடித்தார். புதுக் குழந்தையும் சுட்டி. ஆனாலும் ஜனங்களுக்கு மனசு ஒட்டவில்லை. சில மாதங்களில் நிறுத்திவிட்டார்கள். டைரக்டர் ஒருநாள் வந்து, "நான் தேடினது அந்த வீடே இல்ல போலிருக்கு மேடம்," என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு ஒரு வகுப்பு கார் ஓட்டிவிட்டுப் போனார்.

மழைக்காலம் வந்தது. ஒரு பிற்பகல், வகுப்புக்கு வர வேண்டியவர் மழையால் வரவில்லை. கீச்சு ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தபோது போன் அடித்தது. எடுத்தாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"கீச்சு," என்றது குரல் கடைசியில்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்கப்பா. என்ன விஷயம்? அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அவ கீழ வேலையா இருக்கா. விஷயம் ஒண்ணும் இல்ல." அவர் நிறுத்தினார். ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருப்பது அவளுக்குக் கேட்டது. அவசரப்படுத்தாமல் இருந்தாள். "சும்மாதான் போட்டேன். அங்க மழையா?"

இருவரும் ஒரே ஊரில்தான் இருந்தார்கள்.

"மழைதாம்பா," என்றாள். "நல்ல மழை."

"இங்கயும்," என்றார். போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.